பக்கத்து வீட்டு பேஸ் சத்தம் தங்கமீன்களைப் பாதிக்குமா?

சாட்ஸ்வர்த்_தொட்டி
வணக்கம். எங்களுடையது பழைய முனிசிபாலிட்டி வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டுப் பையன் புதுசாக சப்வூஃபர் (பேஸ் என்னும் தாழ்ந்த சத்தத்துக்கான ஸ்பீக்கர்) வாங்கி அந்தச் சுவரோரமே வைத்திருக்கிறான். வெள்ளி, சனி ராத்திரியானால் கோம் (தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனில் பிறந்த, பேஸ் அதிரும் நடன இசை) பாட்டுதான். ஒவ்வொரு 'டும்'முக்கும் என் தங்கமீன்கள் திடுக்கிட்டு ஓடி ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொள்கின்றன. தீனி போட்டாலும் மேலே வருவதில்லை. போய்ச் சொன்னால், "மீனுக்குக் காது ஏது ஆன்ட்டி?" என்கிறான். நான் என்ன பதில் சொல்ல?

நீலச்செதில்
அக்கா, பையன்மேல் கோபப்படாதீர்கள். காற்றில் வரும் சத்தம் தண்ணீரின் மேற்பரப்பில் பட்டதும் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பிவிடும். அதன் ஆற்றலில் 1000-ல் 1 பங்குதான் உள்ளே போகும். மீன் ஒண்டினால் முதலில் தண்ணீரில் அம்மோனியா (மீன் கழிவிலிருந்து சேரும் நஞ்சு) சோதனை செய்யுங்கள். 2023-ல் லோட்ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது பம்ப் நின்று, ஆக்சிஜன் குறைந்து, இங்கே எத்தனை தொட்டிகள் போயின! அப்போதும் சிலர் ஜெனரேட்டர் சத்தத்தைத்தான் குறை சொன்னார்கள்.

உம்கேனி_கரை
தம்பி, உங்கள் கணக்கு காற்று வழி வரும் சத்தத்துக்குப் பொருந்தும். அக்கா வீட்டில் அது சுவர், தரை, ஸ்டாண்ட், கண்ணாடி என்று கெட்டியான பொருள் வழியாகவே தண்ணீருக்குள் இறங்குகிறது. நடுவில் காற்றே இல்லை.

மீனுக்குக் காது உண்டு. வெளியே தெரியாது, மண்டைக்குள் இருக்கிறது. அதிலும் தங்கமீன், கெண்டை, கெழுத்தி, டெட்ரா வகைகளுக்கு வயிற்றிலுள்ள காற்றுப்பையிலிருந்து உள்காது வரை சங்கிலி மாதிரி குட்டி எலும்புகள் உண்டு. காற்றுப்பை அதிர்ந்தால் காதுக்குப் போய்ச் சேரும். உடம்பின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு தண்ணீரின் மெல்லிய அசைவையும் பிடிக்கும். 2004-ல் வெளியான ஆய்வில் தங்கமீன்களை 170 டெசிபல் இரைச்சலில் வைத்தார்கள். பத்தே நிமிடத்தில் இரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறியது. 24 மணி நேரத்தில் கேட்கும் திறன் 28 டெசிபல் அளவுக்கு மங்கியது.

நீலச்செதில்
அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். 170 என்பது தண்ணீருக்குள் அளந்தது. தண்ணீர் அளவையும் காற்று அளவையும் அப்படியே ஒப்பிடக்கூடாது, சுமார் 62 கழிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் காற்றில் 108 டெசிபல் இரைச்சலுக்குச் சமம், அதுவும் மீனின் பக்கத்திலேயே. சுவருக்கு அப்பால் இருக்கும் ஸ்பீக்கர் தொட்டிக்குள் அவ்வளவு கொண்டுவராது. ஏறிய கார்டிசால் சீக்கிரமே இறங்கியும் விட்டது. அதே குழு அதே மாதிரி இரைச்சலைத் திலேப்பியாவுக்குக் கொடுத்தபோது அதன் காது பெரிதாக மங்கவில்லை. பொத்தாம்பொதுவாக "மீனுக்குக் கெடுதல்" என்று சொல்ல முடியாது.

உம்கேனி_கரை
நான் பேசுவது தங்கமீனைப் பற்றி. கார்டிசால் இறங்கியது, ஆனால் காது உடனே தேறவில்லை. 21 நாள் இரைச்சலில் இருந்தவற்றின் காது பழைய நிலைக்கு வர இரண்டு வாரம் ஆனது. இன்னொன்றும் இருக்கிறது. அது ஒரே சீரான இரைச்சல். பேஸ் அப்படியில்லை, விட்டுவிட்டு அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் மீன் பதறுவதை அக்கா கண்ணால் பார்க்கிறார். தீனியைத் தொடாத மீனைப் பார்த்த பிறகும் "பழகிவிடும்" என்று சொல்ல எனக்கு மனசு வராது.

பீனிக்ஸ்_மலாவி
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் மலாவி ஏரி சிக்லிட் (திலேப்பியாவின் குடும்பத்து மீன்) வளர்க்கிறேன். ஆண் மீன் பெண்ணை அழைக்கும்போது தாழ்ந்த சுரத்தில் சத்தம் எழுப்பும். நம் குவாசூலு-நட்டால் மாகாணத்து ஆறுகளிலுள்ள மொசாம்பிக் திலேப்பியாவும் அப்படித்தான். பேஸும் அதே தாழ்ந்த சுரம். காது மங்காவிட்டாலும், இவை ஒன்றையொன்று கூப்பிடுவது அந்த இரைச்சலில் அமுங்கிப்போகாதா? எனக்கு அதுதான் கவலை.

நீலச்செதில்
அது நியாயமான கேள்வி. ஆனால் நம் ஏர் பம்பே தொட்டிக்குள் நாள் முழுக்க இரைகிறதே, அதை யாரும் கேட்பதில்லை. மனிதனுக்குக் காதுக்குள் சத்தத்தை உணரும் மயிரணு செத்தால் செத்ததுதான், மீனுக்குத் திரும்ப முளைக்கும். அக்கா, அம்மோனியா பார்த்தீர்களா?

சாட்ஸ்வர்த்_தொட்டி
பார்த்தேன் தம்பி, சுழியம். நைட்ரைட்டும் இல்லை. நேற்றுப் பாட்டு ஓடும்போது கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன், அதிர்வு நன்றாகவே தெரிந்தது. ஸ்டாண்ட் அந்தச் சுவரை ஒட்டியே இருக்கிறது. எதிர்ச்சுவருக்கு மாற்றலாம் என்றால் 200 லிட்டர் தொட்டி.

உம்கேனி_கரை
தண்ணீரோடு நகர்த்தாதீர்கள், கண்ணாடியின் ஒட்டு விட்டுவிடும். மீன்களைப் பழைய தண்ணீரோடு மூடியுள்ள வாளிக்கு மாற்றி ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போடுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து வையுங்கள், இல்லாவிட்டால் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா செத்துவிடும். புது இடத்தில் ஸ்டாண்ட் சுவரைத் தொடவேண்டாம், கால்களுக்கு அடியில் கெட்டி ரப்பர் கொடுங்கள். பையனிடம் ஒலியைக் குறைக்கச் சொல்வதைவிட, சப்வூஃபரைச் சுவரிலிருந்து தள்ளி ஸ்பாஞ்ச் மேல் வைக்கச் சொல்லிப் பாருங்கள், அதற்கு ஒத்துக்கொள்வான்.

நீலச்செதில்
ரப்பர் போடுவதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் இடம் மாற்றிய களேபரத்திலேயே மீன்கள் ஒரு வாரம் ஒண்டும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இரண்டு, மூன்று சனிக்கிழமை பார்த்துவிட்டு, தீனி எடுக்கின்றனவா என்று இங்கே எழுதுங்கள் அக்கா.