அட்டையில் கட்டிய பதிமூன்று கண் பாலம் சாரலில் ஊறிவிட்டது, வேறு வழி உண்டா?

புளியரைக்காரன்:
செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகல) ரயில் பாதையை 2010-இல் மூடி, 2018-இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். பழைய பாதையைச் சிறிய மாதிரியாக நாலடிப் பலகையில் செய்து பார்க்கிறேன். அதில் வரும் கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தைச் செருப்புப் பெட்டி அட்டையில் வெட்டி மைதா பசையால் ஒட்டினேன். சாரலில் அட்டை நெளிந்து, பசையைக் கரப்பான் தின்றுவிட்டது. சித்தப்பா கொடுத்த எச்ஓ (1:87 அளவு மாதிரி ரயில்) இஞ்சின் ஓடுகிறது, தண்டவாளக் கம்பியும் சரி, அடியில் உள்ள பிளாஸ்டிக் கட்டைகள்தான் பொடிந்துவிட்டன. புதிதாக எதுவும் வாங்குவதாக இல்லை.

புனலூர் பிளம்பர்:
பிவிசி பைப் துண்டு கிடைக்குமே! 75 மில்லி பைப்பை ஆறு சென்டி வளையங்களாக அறுத்து இரண்டாகப் பிளந்தால் ஒரு வளையத்துக்கு இரண்டு வளைவு, ஆக ஏழு வளையம் போதும். நடுவில் ஒன்றரை சென்டி தூண் வைத்தால் பதிமூன்று கண்ணும் 115.5 சென்டியில் அடங்கும், உங்கள் பலகை 122. மேலே நியூஸ்பேப்பர் கூழ் பூசி, ஈரமாக இருக்கும்போதே ஈர்க்குச்சியால் கோடு கீறுங்கள், கல் கட்டடம் மாதிரியே தெரியும். பசையில் துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி அண்டாது. ஆனால் அது விஷம், பிள்ளைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள்.

ஓய்வு கேங்மேன்:
அண்ணாச்சி, எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லி. அதையே மீட்டர் கேஜ் என்று வைத்துக்கொண்டால் உங்கள் அளவு சுமார் 1:60, 1:87 இல்லை. பாலம், ஸ்டேஷன், ஆள் எல்லாம் அந்தக் கணக்கில் வர வேண்டும், இல்லையென்றால் இஞ்சின் பொம்மையாகத்தான் தெரியும். அந்தக் காலத்து மரக்கட்டை ஆறடி நீளம், எட்டு அங்குல அகலம். 1:60-இல் 30 மில்லிக்கு மூன்றரை. ஐஸ் குச்சியை நீளவாக்கில் மூன்றாகக் கீறி மூன்றாக வெட்டினால் ஒன்பது கட்டை. டீ டிகாஷனில் ஊறப்போட்டால் நிறமும் வந்துவிடும். ஆணிக்குக் குண்டூசித் தலை. கட்டையெல்லாம் ஒரே சீராக வேண்டாம், நாங்கள் போட்டதும் அப்படி இருந்ததில்லை.

புளியரைக்காரன்:
இது போதும் அண்ணாச்சி. மலைக்குத் தெர்மோகோல் வைக்கலாமா?

புனலூர் பிளம்பர்:
வேண்டாம், ரப்பர் சொல்யூஷன் பட்டால் கரைந்துவிடும். கசக்கிய பேப்பர் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த பழைய வேட்டியை விரியுங்கள். காட்டுக்குச் சாயம் ஏற்றிய மரத்தூள்.

ஓய்வு கேங்மேன்:
அந்த மலைப்பாதை ஏற்றத்தில் ரயிலைப் பின்னாலிருந்து தள்ள ஒரு இஞ்சின் உண்டு, அதை மறந்துவிடாதீர்கள்.

புளியரைக்காரன்:
கையில் இருப்பது ஒன்றுதான். பின்னால் சோப்பு டப்பா வரும், கண்டுகொள்ளாதீர்கள்.