நுழைகழியா, அகழ்குடாவா? பியோர்டுக்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

நோர்வேயின் நில அமைப்பைத் தமிழில் எழுதும்போது பியோர்டை, அதாவது மலைச்சுவர்களுக்கிடையே கடல் நாட்டுக்குள் நீளமாக நுழைந்து கிடக்கும் இடத்தை, என்னவென்று சொல்வது என்று போன வாரம் தொடங்கிய பேச்சுக்கு என் பதில் இது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் பல ஆண்டுகளாக நுழைகழி என்றுதான் எழுதிவந்தேன். இங்கே நோர்வேயின் பேர்கன் நகரில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி, கழி என்றால் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுக் கடனீரேரி மாதிரி என்று விளக்கினேன். விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்திருந்த பத்து வயதுப் பிள்ளை ஒன்று உடனே கேட்டது: "அது முழங்கால் தண்ணியெல்லோ ரீச்சர்? நான் அம்மம்மாவோட இறங்கி நடந்தனான்." அன்றைக்கே அந்தச் சொல்லில் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது.

கழி என்றதும் தமிழ் மனத்தில் எழுவது சேறு, கண்டல், உப்பளம், நெய்தல் பூ. நோர்வேயின் சோக்னெ பியோர்டோ கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டுக்குள் போகிறது. அதன் ஆழம் ஏறத்தாழ 1,300 மீட்டர். இரண்டு பக்கமும் பாறைச் சுவர்கள் பல இடங்களில் 1,000 மீட்டருக்கு மேல் எழுகின்றன. நீரின் கீழே இருப்பதையும் மேலே இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே பள்ளத்தாக்கு, அதில் பாதி கடலுக்குள் கிடக்கிறது. இதைக் கழி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. நுழைகழி என்பது கடல் உள்ளே நுழைந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஸ்பெயினின் வடமேற்கில் கலீசியாவிலும் கடல் அப்படித்தான் நுழைந்திருக்கிறது. ஆனால் அங்குள்ளவை ஆறு வெட்டிய பள்ளத்தாக்குகள்; கடல்மட்டம் உயர்ந்தபோது மூழ்கியவை. ஆகவே அங்கே வாய்ப்பக்கம் போகப் போக ஆழம் கூடும். பியோர்டில் நேர்மாறு. உள்ளே படுகுழி, வாயில் மேடு. சோக்னெயின் வாய்ப்பக்கம் ஆழம் 200 மீட்டருக்கும் குறைவு. இந்த வேறுபாட்டைக் காட்டாத சொல்லைப் புவியியல் பாடத்தில் வைத்து என்ன பயன்?

ஏன் அப்படி என்பதில்தான் சொல்லுக்கான வழியும் இருக்கிறது. பனியூழிக் காலங்களில் ஸ்கண்டிநேவியாவின் மேல் கிலோமீட்டர்க் கணக்கில் பனி கனத்துக் கிடந்தது. அது பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே கடலை நோக்கி நகர்ந்தது. ஆறு கடல்மட்டத்துக்கு வந்ததும் வெட்டுவதை நிறுத்திவிடும். பனிக்கட்டி ஆற்றுக்கு அந்தத் தடை இல்லை. தன் கனத்தாலேயே கடல்மட்டத்துக்கும் கீழே பாறையைத் தோண்டிக்கொண்டு போகும். பக்கத்துக் கிளைகள் வந்து சேரும் இடத்தில் பனி இன்னும் தடித்து, இன்னும் ஆழமாகத் தோண்டும். கரையோரத்தில் மலைகள் விலகியதும் பனி பரந்து மெலிந்துவிடும். அங்கே தோண்டும் வலு இல்லை, அதனால் வாயில் மேடு மிஞ்சிவிட்டது. பின்பு பனி உருகிப் பின்வாங்க, கடல் உள்ளே வந்து நிரப்பியது.

தோண்டியது என்பதுதான் இதன் உயிர். ஆகவே என் பரிந்துரை: அகழ்குடா.

விரிகுடா, வளைகுடா இரண்டும் நாம் நன்றாகப் பழகிய வினைத்தொகைகள். அதே அச்சில் அகழ்குடா தானாக வந்து உட்காருகிறது. அகழியும் அகழாய்வும் தெரிந்த எவருக்கும் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அகழ்தல் மனிதர் செய்வதுதானே என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். கிழங்குக்காகப் பன்றியும் நிலத்தை அகழ்கிறது. பனி அகழ்ந்தது என்பதில் எனக்கு உறுத்தல் எதுவும் இல்லை.

குடா என்றால் குடாநாட்டோடு குழம்பாதா என்ற கேள்வி ஏற்கெனவே வந்தது. கல்குடா, அறுகம்குடா என்று கரையோர ஊர்ப்பெயர்களில் அந்தச் சொல்லைக் காலங்காலமாக வைத்திருக்கிறோம். குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

பனிக்குடா என்ற இன்னொரு பரிந்துரை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டதும் உறைந்த நீர்தான் கண்ணில் வரும். நோர்வேயின் மேற்குக் கரையில் அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டத்தால் பெரிய பியோர்டுகள் மாரியிலும் பெரும்பாலும் உறைவதில்லை. பேர்கன் 60 பாகை வடக்கில் இருந்தும் துறைமுகம் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கிறது. அதோடு பனி என்பது நமக்கு மார்கழிக் காலைப் பனியும்கூட. அதை விட்டுவிடுவதே நல்லது.

சரி, இடப்பெயர்களை என்ன செய்வது? இதில் கவனம் வேண்டும். நோர்வே, டென்மார்க் மக்கள் பியோர்ட் என்பதைத் தாராளமாகப் புழங்குகிறார்கள். ஒஸ்லோவுக்கு வடமேற்கே இருக்கும் தீரிபியோர்டன் ஒரு நன்னீர் ஏரி. டென்மார்க்கின் லிம்பியோர்ட் தட்டையான நிலத்துக்குள் கிடக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. மறுபுறம் நியூசிலாந்தின் மில்போர்ட் சவுண்ட், பெயரில் அந்தச் சொல் இல்லாவிட்டாலும் அசல் பியோர்ட். அதனால் பெயரைப் பெயராகவே ஒலிபெயர்த்துவிட்டு, நிலவடிவத்தைச் சொல்லும்போது மட்டும் அகழ்குடா என்போம். "கெய்ரங்கர்பியோர்ட் 2005இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த அகழ்குடா" என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாது. தீரிபியோர்டனை ஏரி என்றே எழுதலாம்.

அப்புறம் வாயில் இருக்கும் அந்த மேடு. அதற்கும் பெயர் வேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் நீரின் வாழ்வே அதைப் பொறுத்தது. மேடு உயர்ந்திருந்தால் அடிநீர் வெளியே போக முடியாமல் தேங்கி, ஒட்சிசன் தீர்ந்துவிடும். நாட்டின் தெற்கில் பிராம்வாரன் என்ற பியோர்டில் மேட்டின் மேல் தண்ணீர் சில மீட்டர்தான். அதன் அடிநீரில் மீன் எதுவும் வாழாது. நோர்வே மொழியில் இந்த மேட்டைத் தெர்ஸ்கெல் என்கிறார்கள். வீட்டு வாசலில் நாம் தாண்டி உள்ளே வரும் படிக்கும் அங்கே அதே சொல்தான். நமக்கும் நிலைப்படி இருக்கிறதே. குடாப்படி என்று வைத்துக்கொள்ளலாமா? இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு முன் கிடைத்தால் பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லிப் பார்க்கிறேன்.