தெலக்ருவாவின் ‘தாந்தேயின் படகு’: கவிதையில் ஒருவன், ஓவியத்தில் பலர் ஏன்?

கேள்வி

இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘டிவைன் காமெடி’யில் நரக காண்டத்தை மொழிபெயர்ப்பில் படித்து வருகிறேன். பண்டைய ரோமானியக் கவிஞர் வெர்ஜில் வழிகாட்ட, தாந்தேயே நரகத்தைக் கடந்து செல்லும் கதை அது. எட்டாம் படலத்தை முடித்தபின், அதை ஒட்டிப் பிரெஞ்சு ஓவியர் எழீன் தெலக்ருவா 1822இல் வரைந்த ‘தாந்தேயின் படகு’ ஓவியத்தை நிதானமாகப் பார்த்தேன். கவிதையில் அவர்கள் படகில் கடக்கும் ஸ்டிக்ஸ் என்னும் நரக நீர்நிலை அசைவற்ற சேற்று நீர். ஓவியத்திலோ அது கடலைப் போல அலையடிக்கிறது. கவிதையில் படகைப் பற்ற வருபவன் தாந்தேயின் சொந்த ஊரான ஃபிளாரன்ஸ் நகரத்து ஃபிலிப்போ அர்ஜென்தி ஒருவன்தான். ஓவியத்தில் படகைச் சுற்றிலும் நிர்வாண உடல்கள் புரள்கின்றன, ஒருவன் அதன் விளிம்பைப் பல்லாலேயே கவ்வியிருக்கிறான்.

என்னை மிகவும் உறுத்துவது தாந்தேயின் தோற்றம். கவிதையில் அவர் அர்ஜென்தியைச் சபிக்கிறார். அவன் சேற்றில் அமிழ்த்தப்படுவதைக் காண வேண்டும் என்கிறார். அந்தச் சினத்தை மெச்சி வெர்ஜில் அவரை அணைத்து முத்தமிடுகிறார். ஓவியத்தில் இருப்பவரோ கையை உயர்த்தி, நிலைகுலைந்து, அச்சத்தில் உறைந்திருக்கிறார். ஓவியர் கவிதையைச் சரியாகப் படிக்கவில்லை என்று கொள்வதா, வேண்டுமென்றே மாற்றினார் என்று கொள்வதா?

மறுமொழி 1

வேண்டுமென்றே மாற்றினார் என்பதே என் முடிவு. 1822ஆம் ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியின் பட்டியலில் இந்த ஓவியத்துக்குத் தரப்பட்ட நீண்ட தலைப்பே அதற்குச் சான்று. ஃபிளெஜியாஸ் படகைச் செலுத்த, தாந்தேயும் வெர்ஜிலும் நரகத்திலுள்ள தீத்தே நகரின் மதில்களைச் சூழ்ந்த ஏரியைக் கடக்கிறார்கள். பாவிகள் படகைப் பற்றிக்கொள்கிறார்கள் அல்லது ஏற முயல்கிறார்கள். அவர்களிடையே ஃபிளாரன்ஸ்காரர்களைத் தாந்தே அடையாளம் காண்கிறார் என்று அது சொல்கிறது. அர்ஜென்தியின் பெயர் அதில் இல்லை.

அந்த உடல்களும் கவிதைக்கு வெளியிலிருந்து வந்தவை அல்ல. ஏழாம் படலத்தின் இறுதியில், சினத்துக்கு இரையானவர்கள் அதே சேற்றில் கையாலும் தலையாலும் மார்பாலும் காலாலும் ஒருவரையொருவர் மோதி, பல்லால் துண்டு துண்டாகக் கிழித்துக்கொள்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு படலங்களை ஓவியர் ஒரே கணத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். அப்படிக் கொண்டுவந்ததும் தாந்தேயின் உணர்ச்சி மாறியே தீர வேண்டும். தனி ஒரு பகைவனை ஒருவர் சபிக்க முடியும்; தன் ஊர் மனிதர்கள் கூட்டமாக நரக நீரில் மிதப்பதைக் காண்பவருக்கு அந்தச் சினம் எப்படி வரும்?

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். எனினும் காரணத்தைக் கவிதை வரிகளில் மட்டும் தேடுவது போதாது. தெலக்ருவாவுக்கு அப்போது 24 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன், 1819இல், ஓவியர் ஜெரிகோ, கப்பல் விபத்தில் சிக்கியவர்கள் தெப்பத்தில் தத்தளிப்பதைக் காட்டும் ‘மெடூசாவின் தெப்பம்’ ஓவியத்தைக் காட்சிக்கு வைத்திருந்தார். அதில் ஓர் உருவத்துக்குத் தெலக்ருவாவே மாதிரியாக இருந்தவர். கொந்தளிக்கும் நீரும், அதன்மேல் தத்தளிக்கும் உடல்களும் அங்கிருந்து வந்தவை என்பதை இரண்டையும் அருகருகே வைத்தால் உடனே காணலாம்.

கவிதையில் நான் மிகவும் போற்றும் ஒரு நுட்பம் உண்டு. வெர்ஜில் ஏறியபோது படகு அசையவில்லை. உயிருள்ள தாந்தே ஏறிய பிறகுதான் அதில் பாரம் இருப்பதாகத் தோன்றியது, வழக்கத்தைவிட ஆழமாக அது நீரைக் கிழித்துச் சென்றது. ஆவியின் எடையின்மையைத் தூரிகையால் எப்படிக் காட்டுவது? தெலக்ருவாவின் நரகத்தில் எல்லாருக்கும் தசை உண்டு, எடை உண்டு. ஃபிளெஜியாஸின் முதுகைப் பாருங்கள். ஆனால் அத்தனை ஆட்டத்துக்கு நடுவிலும் வெர்ஜில் மட்டும் நிமிர்ந்து, தடுமாறாமல், தாந்தேயின் கையைப் பற்றி நிற்கிறார். கவிதையில் எடையால் காட்டப்பட்ட வேறுபாட்டை ஓவியர் நிலையால் காட்டிவிட்டார் என்றே நான் கொள்கிறேன்.

வாய்ப்புக் கிடைத்தால், முன்னால் கிடக்கும் உடல்களின் மீதுள்ள நீர்த்துளிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளை, மஞ்சள், பச்சை, சிவப்பு ஆகிய நிறங்கள் குழைக்கப்படாமல் தனித்தனித் தீற்றல்களாக வைக்கப்பட்டுள்ளன. விலகி நின்றால் அவை ஈரமாக மின்னுகின்றன. முந்தைய காலத்து ஓவியர் ரூபென்ஸ் வரைந்த கடல் தேவதைகளிடமிருந்து தெலக்ருவா கற்ற முறை இது.

மறுமொழி 3

கவிதையைச் சரியாகப் படித்தாரா என்ற ஐயத்துக்குத் தெலக்ருவாவின் நாட்குறிப்பே விடை தருகிறது. இந்த ஓவியத்தின் மிகச் சிறந்த தலையை, தமக்கு முன்பே தெரிந்த ஒரு படலத்தை நண்பர் உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, மிகுந்த வேகத்தோடும் உற்சாகத்தோடும் வரைந்ததாக அவர் 1853இல் எழுதியிருக்கிறார். பாட்டின் ஒலி காதில் விழ விழ வரைந்தவருக்கு அதில் அர்ஜென்தி ஒருவன்தான் என்பது தெரியாமல் இருந்திருக்காது.

அக்காலத்தவரும் ஒரே கருத்தில் இல்லை. விமர்சகர் தெலெக்லூஸ் இதைக் கண்டபடி வண்ணம் அப்பிய வேலை என்று இகழ்ந்தார். இளம் பத்திரிகையாளர் தியேர் புகழ்ந்து எழுதினார். மூத்த ஓவியர் குரோ வரவேற்றார். அரசு அதை 2,000 பிராங்க் கொடுத்து வாங்கி லுக்சம்பூர் அருங்காட்சியகத்தில் வைத்தது. 1874இல் அது லூவருக்கு வந்தது. ஓவியர் மனே இளமையில் அதைப் பார்த்துப் பிரதி எடுத்திருக்கிறார்.

நீங்கள் தேடும் சினமுள்ள கணம் வேண்டுமானால், 1861இல் வெளிவந்த குஸ்தாவ் தோரேயின் நரக காண்டப் படங்களைப் பாருங்கள். அர்ஜென்தியை வெர்ஜில் படகிலிருந்து தள்ளிவிடும் காட்சி அங்கே தனிப் படமாகவே இருக்கிறது. கவிதைக்கு அது நெருக்கமானது, ஆனால் தெலக்ருவாவின் ஓவியம் தரும் நடுக்கம் எனக்கு அதில் கிடைக்கவில்லை.