ஏஐ கொடுத்ததைச் சரிபார்த்துத்தான் அனுப்பினேன், அப்படியும் தப்பாகிவிட்டது. எங்கே கோட்டைவிட்டேன்?

காகிதக்கப்பல்:
வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் புகார்களைப் படித்து மாதம் ஒரு ரிப்போர்ட் போடுவது என் வேலை. முன்பெல்லாம் மூன்று நாள் உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பேன். ஏழெட்டு மாதமாக எக்செல் ஷீட்டை அப்படியே ஏஐயிடம் கொடுத்து வகைபிரிக்கச் சொல்லிவிடுகிறேன், அரை நாளில் முடிந்துவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிற ஆள் நான் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் 412 புகார், வழக்கத்தைவிட நிறைய. டெலிவரி தாமதம்தான் காரணம் என்று எனக்கு ஏற்கெனவே ஒரு எண்ணம், ஏனென்றால் அந்த மாதம் முழுக்க ஆபீஸில் அதே பேச்சு. அதனால் ‘டெலிவரி தாமதத்தால் புகார்கள் எப்படிக் கூடியிருக்கின்றன, விளக்கு’ என்று கேட்டேன். அழகாக நாலு பத்தி, ஒரு அட்டவணை, பாதிக்கு மேல் டெலிவரி தாமதம் என்று வந்தது. சரி, உடனே நம்பக்கூடாது என்று ஷீட்டில் ‘தாமதம்’ என்று ஃபில்டர் போட்டு 20 வரி படித்தேன். இருபதிலும் தாமதம் இருந்தது. அப்புறம் ஏஐயிடமே ‘உறுதியா, இன்னொரு முறை பார்’ என்றேன். உறுதி என்றது. அனுப்பிவிட்டேன்.

மேனேஜர் அதை வைத்து டெலிவரி டீமோடு பெரிய சண்டையே போட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்து அந்த டீமிலிருந்து ஒருவர் நாலு புகாரை மட்டும் காப்பி பண்ணி எனக்கு அனுப்பினார், வேறு ஒரு வார்த்தை இல்லை. ஒன்று இப்படி: ‘பொருள் மறுநாளே வந்தது. பிடிக்காமல் திருப்பி அனுப்பி 18 நாள் ஆகிறது, பணம் வர ஏன் இவ்வளவு தாமதம்?’ மற்ற மூன்றும் இதே ரகம். தாமதமானது பொருள் இல்லை, ரீஃபண்ட்! பிறகு உட்கார்ந்து முழுசாக எண்ணினேன். ‘தாமதம்’ என்று இருந்த 231 வரிகளில் 148 ரீஃபண்ட் பற்றியவை.

தூக்கம் கெடுவது எதனால் என்றால், நான் படித்த அந்த 20 வரியிலேயே 13 ரீஃபண்ட் புகார் இருந்திருக்கிறது. கண்ணால் பார்த்திருக்கிறேன். ‘தாமதம்’ என்ற சொல் தட்டுப்பட்டதும் மனசுக்குள் டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

எல்லா வரியையும் நானே படிக்க வேண்டும் என்றால் ஏஐ எதற்கு? படிக்காமல் எப்படிச் சரிபார்ப்பது? இது ப்ராம்ப்ட் (ஏஐயிடம் கேட்ட கேள்வி) கோளாறா, என் கோளாறா?

டேப்விசை:
புது மாடலுக்கு மாறுங்கள். ப்ராம்ப்டில் ‘நீ ஒரு மூத்த ஆய்வாளர், மிகத் துல்லியமாகச் சொல்’ என்று சேருங்கள். எனக்குப் பிரச்சினையே வந்ததில்லை.

அரைக்கண்:
மேலே உள்ளவர் பிரச்சினை வந்ததில்லை என்கிறார். இவருக்கும் இரண்டு வாரம் வரை வரவில்லையே.

காகிதக்கப்பல், கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். ‘டெலிவரி தாமதத்தால் எப்படிக் கூடியது’ என்று கேட்டால் அது அந்தக் கதையைத்தான் நன்றாக எழுதித் தரும். நாம் சொல்வதற்குத் தலையாட்டுவது இந்த மாடல்களின் பழைய வியாதி. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ ஒரு அப்டேட்டையே திரும்ப எடுத்துக்கொண்டது, அளவுக்கு மீறி ஆமாம் சாமி போடுகிறது என்று.

ஆனால் அது பாதிதான். உங்கள் ஃபில்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1960இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். 2, 4, 6 என்ற வரிசை ஒரு விதிக்குப் பொருந்துகிறது, நீங்களும் மூன்று மூன்று எண்ணாகச் சொல்லிப் பார்த்து விதியைக் கண்டுபிடியுங்கள் என்பார். பலரும் ‘இரண்டிரண்டாகக் கூடுகிறது’ என்று முடிவுகட்டிக்கொண்டு 8, 10, 12 என்பார்கள், சரி என்பார். 20, 22, 24 என்பார்கள், அதுவும் சரி. ஆனால் நிஜ விதி வெறும் ஏறுவரிசை, அவ்வளவுதான். 1, 7, 90 என்று ஒரே ஒருமுறை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தன் எண்ணம் உடையக்கூடிய கேள்வியை மட்டும் பலர் கேட்கவே இல்லை.

நீங்கள் ‘தாமதம்’ என்று ஃபில்டர் போட்டது 8, 10, 12 சொன்ன மாதிரிதான். இருபதிலும் தாமதம் இருக்கும், ஏனென்றால் தாமதம் இருக்கிற வரிகளைத்தானே வடிகட்டி எடுத்தீர்கள். ‘பொருள் வந்துவிட்டது’ என்று சொல்லிக்கொண்டே தாமதம் என்கிற வரி இருக்கிறதா என்று தேடியிருந்தால் அது உங்களுடைய 1, 7, 90 ஆகியிருக்கும்.

காகிதக்கப்பல்:
ஃபில்டர் விஷயம் பொட்டில் அறைந்த மாதிரி இருக்கிறது. ஆனால் மறுபடி பார் என்று ஏஐயிடம் தனியாகக் கேட்டேனே, அதில் என்ன தப்பு?

பழுப்புக்கோப்பு:
தன் விடைத்தாளைத் தானே திருத்தச் சொன்ன கதை அது. 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வக்கீல்கள் கொடுத்த மனுவில் பழைய தீர்ப்புகள் சில மேற்கோளாக இருந்தன. நடக்காத வழக்குகள், எல்லாம் சாட்ஜிபிடி கற்பனையில் பிறந்தவை. வக்கீல் ஒன்றும் கேட்காமல் விடவில்லை, இது நிஜ வழக்கா என்று அதனிடமே கேட்டிருக்கிறார், நிஜம் என்றது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். ‘உறுதியா’ என்று கேட்பதால் அது ஷீட்டை மறுபடி எண்ணிப் பார்த்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு வகைக்கும் வரி எண்ணைக் கொடு, அந்த வரியை அப்படியே எடுத்துக் காட்டு என்று கேளுங்கள். அப்போதாவது நீங்கள் போய்ப் பார்க்க ஒரு இடம் இருக்கும்.

சராசரி:
கணக்குப் பக்கம் இருந்து ஒன்று. எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கட்டத்தில் ரேண்ட் (RAND) ஃபார்முலா போட்டால் ஒவ்வொரு வரிக்கும் குலுக்கல் மாதிரி ஒரு எண் வரும், அதை வைத்து வரிசைப்படுத்தி, முதல் 30 வரியை எடுங்கள். பத்தில் ஒரு வரி தப்பு என்று வைத்துக்கொண்டாலும் 30இல் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போக வாய்ப்பு சுமார் 4 சதவீதம்தான். ஃபில்டர் மட்டும் வேண்டாம், குலுக்கல்தான்.

இரவுப்பணி:
சராசரி சொல்வது சரி, ஆனால் இவருக்கு அது மட்டும் போதாது. கண்ணெதிரே 20இல் 13 கிடந்தும் தெரியவில்லையே. 30 என்ன, 300 எடுத்தாலும் இப்படித்தான் போயிருக்கும். ஏஐ சொன்ன பதிலை முதலில் படித்துவிட்டு அப்புறம் வரிகளைப் படித்தார், சிக்கல் அங்கே இருக்கிறது.

அனுபவம் போதும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 27 ரேடியாலஜிஸ்டுகளிடம் மார்பக எக்ஸ்ரேக்களைக் கொடுத்தார்கள், கூடவே ஏஐ சொன்னது என்று ஒரு மதிப்பீடும். சிலவற்றில் வேண்டுமென்றே தவறான மதிப்பீடு. அது சரியாக இருந்தபோது அனுபவம் குறைந்தவர்கள் சுமார் 80 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், தவறாக இருந்தபோது 20 சதவீதத்துக்கு விழுந்தார்கள். சரி, அவர்கள் புதியவர்கள். நல்ல அனுபவம் உள்ளவர்களும் 82இலிருந்து கிட்டத்தட்ட 46க்கு இறங்கினார்கள். படம் அவர்கள் கண் முன்னால்தான் இருந்தது, உங்கள் 13 வரி மாதிரியே.

அதனால் வரிசையை மாற்றுங்கள். ஏஐயைத் திறப்பதற்கு முன்னால் குலுக்கி எடுத்த 30 வரியைப் படித்து, உங்கள் வகைகளை நீங்களே எழுதுங்கள். எந்தப் புகார் அதிகம் என்று ஒரு மதிப்பும் எழுதி வைத்துவிடுங்கள், தப்பானாலும் பரவாயில்லை. அப்புறம் எந்தக் காரணத்தையும் உள்ளே வைக்காமல் ‘இவற்றை வகைபிரி’ என்று மட்டும் கேளுங்கள். பிறகு இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள், அந்த வரிகளில்தான் வேலை இருக்கிறது. ஏஐயிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தால் அதன் பதிலை மறைத்து வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும், ஓரக்கண்ணால் பார்த்தாலும் போச்சு. (எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஏஐ பதில் இருக்கிற கட்டங்களின் எழுத்தை வெள்ளை நிறமாக்கிவிடுவார்.)

இன்னொன்று. மூன்று நாள் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த ரீஃபண்ட் விஷயம் உங்களுக்கு இரண்டாவது மணி நேரத்திலேயே தட்டுப்பட்டிருக்கும். லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983லேயே எழுதினார்: வேலையை எந்திரத்திடம் கொடுத்துவிட்டு மனிதனைக் காவலுக்கு வைத்தால், செய்யாத வேலையின் சூட்சுமம் அவனுக்கு மறந்துபோகும், தப்பு நடக்கும்போது பிடிக்க வேண்டியவனும் அவன்தான். எட்டு மாதமாக நீங்கள் புகாரே படிக்கவில்லை, ரிப்போர்ட்டைத்தான் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

டேப்விசை:
சரி, ‘மூத்த ஆய்வாளர்’ என்று போடச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு மாதமும் இவ்வளவு செய்ய யாருக்கு நேரம் இருக்கிறது?

காகிதக்கப்பல்:
அப்டேட். இந்த மாத ஷீட்டில் செய்து பார்த்தேன். 30 வரி, 40 நிமிடம். வெள்ளை எழுத்து உத்தி நன்றாக வேலை செய்கிறது, ஆனால் முதல் பத்து வரிக்கு ஏஐ என்ன போட்டிருக்கும் என்று கை துறுதுறுத்தது உண்மை. ஒப்பிட்டால் 24 ஒத்துப்போனது, 6 இல்லை. ஆறில் நாலு ஏஐயின் தப்பு. ‘மூன்றாவது முறையாக எழுதுகிறேன், அற்புதமான சேவை, வாழ்க’ என்று ஒருவர் குமுறியதைப் பாராட்டில் போட்டிருந்தது! மீதி இரண்டு என் தப்பு. இரட்டிப்பாகப் பணம் பிடித்த புகார் ஒன்றை நான் ரீஃபண்டில் போட்டிருந்தேன், ஏனென்றால் இப்போது எங்கே பார்த்தாலும் எனக்கு ரீஃபண்டாகவே தெரிகிறது.

டேப்விசை, நேரக் கணக்கு இதுதான்: அரை நாள் வேலை முக்கால் நாளாகியிருக்கிறது. மூன்று நாள் ஆகவில்லை.

ஒன்று மட்டும் தீரவில்லை. போன மாத ரிப்போர்ட்டைத் திருத்தி, ‘பெரும்பாலானவை டெலிவரி தாமதம் என்று சொன்னது தவறு’ என்று மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன். படித்தேன் என்றார். ஆனால் நேற்றைய மீட்டிங்கில் மறுபடியும் ‘நம்ம டெலிவரி பிரச்சினை’ என்றே ஆரம்பிக்கிறார்.

இரவுப்பணி:
திருத்தத்தின் முதல் வரியிலேயே பழைய செய்தியை இன்னொரு முறை படிக்கவைத்திருக்கிறீர்கள். ‘அது தவறு’ என்று மட்டும் சொன்னால் மனசில் உட்கார்ந்தது எழுந்து போகாது, அந்த இடத்தில் வேறு காரணத்தை வைக்க வேண்டும். உங்களிடம்தான் காரணம் இருக்கிறதே. தலைப்பிலேயே ‘231 தாமதப் புகார்களில் 148 ரீஃபண்ட்’ என்று போட்டு, கீழே அந்த 18 நாள் புகாரையும் இன்னும் இரண்டையும் வாடிக்கையாளர் எழுதியபடியே ஒட்டி, மீட்டிங்குக்கு ஒரு மணி நேரம் முன்னால் அனுப்புங்கள்.

காகிதக்கப்பல்:
செய்கிறேன். அடுத்த மீட்டிங் வியாழன், வந்து சொல்கிறேன்.