ஈலியம் 25 வீதமா, 28.6 வீதமா? ஏன் 3 நிமிடம் காத்திருந்தது?

கல்லடி உ/த பௌதிகம்:
பெருவெடிப்புக்குப் பிறகு முதல் சில நிமிடங்களில் உண்டான ஈலியம் திணிவில் 25 வீதம் என்கிறார்கள். நியூத்திரன்:புரோத்தன் 1:6 என்று போட்டால் எனக்கு 28.6 வருகுது. மற்றது, ஈலியம் உண்டாக முதற்படி தியூத்திரியம் (ஒரு புரோத்தனும் ஒரு நியூத்திரனும் சேர்ந்த கரு). அதை உடைக்கத் தேவையான பிணைப்புச் சக்தி 2.22 மெகா இலத்திரன்வோல்ற்று. அது ஏறக்குறைய 2500 கோடி கெல்வின். முதல் செக்கனுக்குள்ளேயே பிரபஞ்சம் அதுக்குக் கீழே குளிர்ந்திட்டுதே, பிறகேன் தாமதம்?

வாவிக்கரை:
தம்பி, 1:6 முதல் செக்கனை ஒட்டிய விகிதம். நியூத்திரனும் புரோத்தனும் மாறி மாறி உருமாறிய தாக்கம் அப்போதுதான் விரிவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நின்றது. அதுக்குப் பிறகு தனி நியூத்திரன் சிதைந்துகொண்டே இருக்கும். கருக்கள் சேரும் நேரம் விகிதம் 1:7.

இப்ப 16 துணிக்கை எடுங்க: 2 நியூத்திரன், 14 புரோத்தன். 2+2 சேர்ந்து ஒரு ஈலியம், மிச்சம் 12 ஐதரசன். 4/16 = 25 வீதம். இது திணிவில். எண்ணிக்கையில் 13 கருவுக்கு ஒன்றுதான், 8 வீதம். பரீட்சையில் பலர் வழுக்குவது இந்த இடத்தில்.

இன்னொன்று: 880 செக்கன் நியூத்திரனின் சராசரி ஆயுள். அரைவாழ்வு 610 அளவில். மாற்றிப் போடாதீங்க.

சம்மாந்துறை வட்டை:
தாமதத்துக்குக் காரணம் போட்டன்களின், அதாவது ஒளித்துணிக்கைகளின், தொகை. ஒரு புரோத்தன் அல்லது நியூத்திரனுக்கு ஏறக்குறைய 160 கோடி போட்டன். 1000 நெல்மணி 25 கிராம் என்று வைத்தால் 160 கோடி மணி 40,000 கிலோ. 65 கிலோ மூடையில் 615 மூடை. அவ்வளவு நெல்லுக்குள் ஒரேயொரு கல் கிடந்தால், அந்தக் கல்தான் உங்கட தியூத்திரியம்.

வெப்பநிலை சொல்வது சராசரியை. 615 மூடையில் ஒரு மணி 2.22ஐத் தாண்டிச் சூடாக இருந்தாலே போதும், கல் உடையும். அந்த ஒரு மணியும் இல்லாமல் போக வெப்பநிலை 100 கோடி கெல்வினுக்குக் கீழே இறங்க வேணும். அதுதான் 3 நிமிடக் கணக்கு. (மணியடித்த மாதிரி 3இல் தொடங்கி முடியவில்லை, தாக்கங்கள் ஓய 20 நிமிடம் வரை போகும்.)

அணு உண்டானதும் இதே கதை. ஐதரசனின் 13.6 இலத்திரன்வோல்ற்றுக்குச் சமனான வெப்பநிலை 158,000 கெல்வின். ஆனால் 3000 கெல்வினுக்கு வந்த பிறகுதான், 380,000 ஆண்டளவில், இலத்திரன்கள் கருவோடு நிலையாகச் சேர்ந்தன. அப்போது விடுபட்ட ஒளி அலைநீளத்தில் 1090 மடங்கு நீண்டு இப்போது 2.725 கெல்வினில் நிற்குது.

கல்லடி உ/த பௌதிகம்:
விளங்குது சேர். அப்ப ஈலியத்தோட ஏன் நின்றது? காபன் உண்டாகியிருக்கலாமே?

வாவிக்கரை:
திணிவெண் 5இலும் 8இலும் நிலையான கரு இல்லை. ஈலியத்தோடு ஒரு புரோத்தன் சேர்ந்தாலும் உடையும், இரண்டு ஈலியம் சேர்ந்த பெரிலியம்-8உம் உடனே உடையும். மூன்றாவது ஈலியம் அதுக்குள் வந்து மோத வேணும். நட்சத்திரத்தின் மையத்தில் அந்த அடர்த்தி இருக்கு. அன்றைக்கு எல்லாம் விரிந்து ஐதாகிவிட்டது.

துளி இலிதியம்-7 மட்டும் தப்பியது. கணக்குப்படி 1000 கோடி ஐதரசனுக்கு 5 இருக்க வேணும். பழைய நட்சத்திரங்களில் அளந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் தெரியுது. ஈலியம், தியூத்திரியம் இரண்டும் பொருந்தும்போது இது மட்டும் ஏன் பிசகுது என்பதுக்கு இன்னும் ஒத்துக்கொண்ட விடை இல்லை.