அப்சிடியன் டெம்ப்ளேட்: எதை வைப்பது, எதை விடுவது?

ஓலைக்கட்டு (கேள்வி)

அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் ஆப்பில் மூன்று வகை நோட் எழுதுகிறேன்: அலுவலகக் கூட்டம், வாசித்த புத்தகம், வீட்டுக் கட்டுமானம். விண்டோஸ் லேப்டாப்பிலும் ஆண்ட்ராய்டு போனிலும் ஒரே வால்ட் (நோட்கள் எல்லாம் இருக்கும் ஃபோல்டர்). டெம்ப்ளேட் (நோட்டுக்கான மாதிரி) செருக அப்சிடியனோடு கூடவே வரும் டெம்ப்ளேட்ஸ் ப்ளகின் (துணைச் செயலி)தான். வேறு எதுவும் போடவில்லை.

தலைப்பு வர வேண்டிய இடத்தில் ‘அன்டைட்டில்ட்’ என்று விழுகிறது. தேதி 2025-47-12 மாதிரி வருகிறது. டெம்ப்ளேட்டைத் திறந்து ஏதாவது திருத்தினால் மேலே உள்ள தேதி ப்ராப்பர்ட்டி (நோட்டின் உச்சியில் பெயரும் மதிப்புமாக வரும் பெட்டி) உருமாறிவிடுகிறது, அதன்பின் எந்த நோட்டிலும் அது நிரம்புவதில்லை. கட்டுமான டெம்ப்ளேட்டில் 19 ப்ராப்பர்ட்டி வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் காலியாகவே கிடக்கின்றன. எதை எடுக்கலாம்? கட்டுமானத்துக்கு ஒரே நோட் போதுமா, இல்லை ஃபோல்டரையே டெம்ப்ளேட்டாக வைத்துக்கொள்ளலாமா?

தாழ்வாரம்

முதல் மூன்றுக்கும் காரணம் தெளிவாகவே இருக்கிறது.

டெம்ப்ளேட்டைச் செருகும் அந்த நொடியில் ஃபைலுக்கு என்ன பெயரோ அதுதான் தலைப்பாக எழுதப்படும். பிறகு பெயரை மாற்றினாலும் உள்ளே எழுதியது மாறாது. அதனால் பெயர் முதலில், டெம்ப்ளேட் பிறகு. சுலபமான வழி: கன்ட்ரோல்+ஓ அழுத்தி, புதுப் பெயரைத் தட்டி ஷிஃப்ட்+என்டர் கொடுங்கள்; அந்தப் பெயரில் நோட் உருவாகிவிடும். அதன்பின் கன்ட்ரோல்+பி அழுத்தினால் வரும் கட்டளைப் பட்டியலில் ‘இன்சர்ட் டெம்ப்ளேட்’. இன்னும் சொன்னால், ஃபைல் பெயரே தலைப்பாக மேலே தெரியும்போது உள்ளே தலைப்பை மறுபடி எழுதத் தேவையே இல்லை. அந்த வரியை எடுத்துவிடலாம்.

தேதியில் நடுவே வரும் 47 நிமிடம். தேதி வடிவத்தில் பெரிய ‘எம்’ இரண்டு போட்டால் மாதம், சின்ன ‘எம்’ இரண்டு போட்டால் நிமிடம். நாளுக்கும் அப்படித்தான்: பெரிய ‘டி’ இரண்டு தேதி எண்ணைத் தரும், சின்ன ‘டி’ இரண்டு கிழமையின் சுருக்கத்தைத் தரும். ஆண்டு, மாதம், நாள் மூன்றுக்கும் பெரிய எழுத்தே. மணிக்குப் பெரிய ‘எச்’ போட்டால் 24 மணிக் கணக்கு, சின்னது போட்டால் 12.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது. ப்ராப்பர்ட்டி பகுதி யாமெல் என்ற தரவு எழுதும் முறையில் எழுதப்படுவது. யாமெலில் சுருள் அடைப்புக்கு வேறு பொருள் உண்டு. மேற்கோள் குறி இல்லாமல் இரட்டைச் சுருள் அடைப்பில் ‘டேட்’ என்று எழுதினால், ப்ராப்பர்ட்டி எடிட்டர் அதை உள்ளடுக்குத் தரவு என்று எடுத்துக்கொண்டு திருத்தி எழுதிவிடும். அப்புறம் நிரப்ப அங்கே இடமே இருக்காது. டெம்ப்ளேட்டை சோர்ஸ் மோடில் (மூல எழுத்தை அப்படியே காட்டும் முறை) திறந்து, அடைப்பு முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். சோர்ஸ் மோடில் எழுதும்போது, ப்ராப்பர்ட்டியில் இன்னொரு நோட்டுக்கான லிங்க் இருந்தால் அதற்கும் மேற்கோள் கட்டாயம். ப்ராப்பர்ட்டி பகுதியைத் தொடங்கும் மூன்று கோடுகள் (---) ஃபைலின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். மேலே ஒரு வெற்று வரி விழுந்தாலும் அது ப்ராப்பர்ட்டியாக எடுபடாது.

கல்தூண்

19 ப்ராப்பர்ட்டிக்கு என் அளவுகோல் ஒன்றுதான்: இந்தப் பெயரை வைத்துப் பிறகு தேடவோ வடிகட்டவோ போகிறீர்களா? போவதில்லை என்றால் அது ப்ராப்பர்ட்டி இல்லை. நோட்டின் உடலில் ஒரு வரியாக இருக்கட்டும். கட்டுமானத்துக்கு வகை, நிலை, தேதி, எந்தப் பகுதி (அஸ்திவாரம், சென்ட்ரிங், பூச்சு…), தொகை. இந்த ஐந்து போதும். மேஸ்திரி சொன்னது, சிமென்ட் மூட்டை எண்ணிக்கை எல்லாம் உடலில் எழுதலாம், சாதாரணத் தேடலிலேயே கிடைக்கும். காலிப் பெட்டி நிறைய இருந்தால் நிரப்ப வேண்டியதையும் கண் தாண்டிப் போய்விடும். அதுதான் பெரிய நஷ்டம்.

பெயர்களை ஒரே மாதிரி வையுங்கள். ஒரு டெம்ப்ளேட்டில் ‘தேதி’, இன்னொன்றில் ‘நாள்’ என்றால் அப்சிடியனுக்கு அவை இரண்டு தனி ப்ராப்பர்ட்டி. ஒரு பெயருக்கு வால்ட் முழுவதும் ஒரே வகைதான்: ‘தொகை’ எண் என்று வைத்துவிட்டு ஒரு நோட்டில் ‘சுமார் 40,000’ என்று எழுதினால் வகை பொருந்தவில்லை என்று எச்சரிக்கும். தமிழ்ப் பெயர்கள் தாராளமாக வேலை செய்யும். டேக், மாற்றுப்பெயர் இரண்டுக்கு மட்டும் அப்சிடியன் ஒதுக்கிவைத்த ஆங்கிலப் பெயரையே விட்டுவிடுங்கள். ‘குறிச்சொல்’ என்று மாற்றினால் அது டேக்காக எண்ணப்படாது.

கட்டுமானத்துக்கு ஒரு தாய் நோட் அவசியம். அதில் நான் விடவே கூடாது என்று சொல்வது ‘முடிவுகள்’ பகுதி: தேதி, முடிவு, காரணம். “சம்ப் 10,000 லிட்டருக்குப் பதில் 6,000, கார் நிறுத்த இடம் போதவில்லை.” ஆறு மாதம் கழித்து வீட்டில் யாராவது ஏன் என்று கேட்கும்போது தேவைப்படுவது அந்தக் காரணம்தான். பில் நோட்டில் அது இருக்காது.

கூடவே வரும் ப்ளகின் ஃபோல்டரை உருவாக்காது. மாதிரி ஃபோல்டர் ஒன்றை வைத்து ஃபைல் மேனேஜரில் நகல் எடுக்கலாம். ஆனால் உள்ளே ‘பில்கள்’, ‘ஆட்கள்’ என்று பொதுப் பெயர் வைத்தால், இரண்டாவது நகலோடு ஒரே பெயரில் இரண்டு நோட் வந்துவிடும். வெறும் பெயரில் எழுதிய லிங்க் எதைத் திறக்கும் என்று சொல்ல முடியாது. ‘வீடு பில்கள்’, ‘கிணறு பில்கள்’ என்று நகல் எடுத்தவுடனே மாற்றிவிடுங்கள்.

ஓலைக்கட்டு

மிக்க நன்றி இருவருக்கும். மேற்கோள் போட்டதும் தேதி சரியாகிவிட்டது. இன்னொன்று: லேப்டாப்பில் உருவாக்கிய சில நோட்கள் போனுக்கு வரவே இல்லை. எல்லாம் நீளமான தமிழ்த் தலைப்புகள்.

நீர்மட்டம்

அது நீளத்தால்தான் இருக்க வேண்டும். விண்டோஸ் ஃபைல் பெயரை 255 குறியீடு வரை ஏற்கும். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் எல்லை 255 பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்; ஆகவே 85 குறியீடுதான் கொள்ளும். அதிலும் ‘கி’ என்பது இரண்டு குறியீடு, ‘க்’ என்பதும் இரண்டு. ‘.எம்டி’ என்ற வாலுக்கும் இடம் வேண்டும். கண்ணால் எண்ணினால் ஏறக்குறைய 50 எழுத்து. பெயரை 40 எழுத்துக்குள் வைத்து, முழுத் தலைப்பை மாற்றுப்பெயரில் எழுதுங்கள்; தேடலில் அதுவும் வரும். ஃபைல் பெயரில் நேரம் சேர்ப்பதானால் முக்காற்புள்ளி வேண்டாம், விண்டோஸ் ஏற்காது. 1430 என்று எழுதலாம்.

தாழ்வாரம்

கைவேலையைக் குறைக்க தனியாக நிறுவ வேண்டிய டெம்ப்ளேட்டர் ப்ளகினும் உண்டு: இந்த ஃபோல்டரில் நோட் உருவானால் இந்த டெம்ப்ளேட் என்று கட்டிவைக்கலாம், பெயரைக் கேட்டு வாங்கவும் செய்யலாம். அதற்கு ‘புது ஃபைல் உருவானதும் இயக்கு’ என்ற செட்டிங்கைத் திறக்க வேண்டும். அது திறந்திருக்கும்போது வெளியாட்களின் டெம்ப்ளேட்டையோ முன்பின் தெரியாத ஃபைலையோ வால்ட்டில் போடாதீர்கள். உள்ளே கட்டளை இருந்தால் அதுவும் ஓடிவிடும்.

டெம்ப்ளேட் ஃபோல்டரை செட்டிங்கில் உள்ள ‘எக்ஸ்க்ளூடட் ஃபைல்ஸ்’ (ஒதுக்கிவைத்த ஃபைல்கள்) பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் தேடலில் மாதிரி ஃபைல்களும் உண்மையான நோட்களோடு கலந்து நிற்கும். டெம்ப்ளேட்டில் புதிதாக ‘நிலை’ சேர்த்தால் பழைய நோட்களில் அது தானாக வராது. தேடல் பெட்டியில் கழித்தல் குறி போட்டு, சதுர அடைப்புக்குள் ‘நிலை’ என்று எழுதினால் அது இல்லாத நோட்கள் எல்லாம் வரிசையாக வரும்.