உயில் புரோபேட்டுக்கு வக்கீல் தேடுகிறேன்

அப்பா போன வருடம் தவறிவிட்டார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என் பெயரில் எழுதியிருக்கிறார், அசல் என்னிடம்தான் இருக்கிறது, ஆனால் புரோபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) இல்லாமல் பணத்தைத் தர முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் இப்போது இல்லை, இன்னொருவருக்கு ரொம்ப வயதாகிவிட்டது, அதனால்தான் இந்த அவசரம். தம்பிக்கு ஆட்சேபணை இல்லை, எழுதியே கொடுப்பான்.

வீட்டுப் பத்திரம் பார்த்துக் கொடுத்த வக்கீலைக் கேட்டேன், புரோபேட் தான் எடுப்பதில்லை என்றார். அப்புறம் பார்த்தவர் சொத்து மதிப்பில் சதவீதம் கேட்கிறார், நீதிமன்றக் கட்டணமும் அதில் சேருமா என்றால் பதிலே இல்லை.

புரோபேட் வழக்குகளை உண்மையிலேயே நடத்தியவர்தானா என்று தெரிந்துகொள்ள, வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் அவரிடம் என்ன கேட்க வேண்டும்?